கெபாவிடம் நான் கேட்ட கேள்வி

ஆகஸ்ட் 7, திங்கள்

துவைக்கும் நாள். ஆறு வெள்ளைச் சட்டைகள். ஐந்து வெளுத்துவிட்டன, ஒன்றில் இரத்தம் போகவில்லை. என் இரத்தம் இல்லை. சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் வெட்டிக்கொண்டார்கள். காது பாதி அறுந்து தொங்கியவன் வந்து என் மேல் விழுந்தான். என்னோடு சேர்ந்து ஊழியம் செய்யும் துணை எல்டர் வைபுலு தன் டையைக் கழற்றி அவன் தலையைச் சுற்றிக் கட்டினான். டை திரும்பி வரவில்லை.

வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் பேசலாம். வீடியோவில் அம்மா சட்டையைப் பார்த்துவிட்டாள்.

"என்ன சாமி அது, செவப்பா?"

"தக்காளிம்மா. மீன் கொழம்பு வெச்சோம்."

"உப்புத் தண்ணியில ஊறப்போடு. சுடுதண்ணி ஊத்தீராத, அப்பறம் போவவே போவாது."

தக்காளிக் கறைக்கு யாரும் இந்த வைத்தியம் சொல்ல மாட்டார்கள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் இருவரும் தக்காளி என்றே பேசி முடித்தோம். இதெல்லாம் பொய்யில் சேராது.

நோட்டு புதிது என்பதால் என்னைப் பற்றி. பெயர் நவநீதன், ஊர் சிங்காநல்லூர், வயது இருபத்தொன்று. எங்கள் சபையின் ஊழியனாக இரண்டு வருடத்துக்குப் பாப்புவா நியூகினிக்கு அனுப்பினார்கள். லே நகரத்துக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வெளியே எங்களை மார்மன்காரர்கள் என்பார்கள். சட்டைப் பையில் குத்தும் பட்டையில் குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும். தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தது, அதை அச்சடித்துவிட்டார்கள். ஆண் ஊழியர்களுக்கு எல்டர் என்பது பட்டம், அதனால் இங்கே நான் எல்டர் சின்னராசு. அம்மாவின் முன்பல் இரண்டை உடைத்துவிட்டு, நான் எட்டாவது படிக்கும்போது ஓடிப்போன மனிதரின் பெயர் அது.

போன வாரம் என்னை டிஸ்ட்ரிக்ட் லீடர் ஆக்கினார்கள். எட்டு ஊழியர்கள் என் பொறுப்பு. "உங்ககிட்ட ஒழுங்கு இருக்கு" என்று எங்கள் எல்லோருக்கும் மேலான மிஷன் பிரசிடென்ட் போனில் சொன்னார். எனக்கும் அது தெரியும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

என் முதல் கூட்டம். ஜெபம், பாட்டு, பிறகு புகார்கள். ஒருவனுக்கு மலேரியா. இரண்டு பேர் ஒரு மின்விசிறிக்காக மூன்று நாளாகப் பேசிக்கொள்வதில்லை. விசிறியை நானே எடுத்து வந்துவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

எங்கள் பகுதியில் இரண்டு மாதமாக ஒரு ஞானஸ்நானம்கூட இல்லை. பக்கத்துப் பகுதிகளில் ஏழு, ஒன்பது என்று போகிறது. குழுச் செய்தியில் எங்களுக்குக் கொட்டாவி விடும் பொம்மை அனுப்புகிறார்கள். சிரிப்பதுபோல நானும் ஒன்று அனுப்பினேன். உள்ளே எரிந்தது.

நல்ல செய்தி: பெண் ஊழியர்கள் இருவர் பாடம் சொல்லிவந்த கெபா குடும்பம் தயார். கெபா, மனைவி அன்னா, மூன்று பிள்ளைகள். பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை. போர்டில் பெரிதாக 5 என்று எழுதி வட்டம் போட்டேன்.

கூட்டம் முடியும்போது கூரையில் கல் விழுந்தது. ஆறேழு கற்கள். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை, எங்கள் மேல் இல்லை என்றார்கள். இங்கே இருவருக்கு நடுவில் கூரை இருந்தால் அது கல்லடி பட்டே தீரும்.

ஆகஸ்ட் 10, வியாழன்

கெபாவைப் பார்க்கப் போனோம். நாற்பத்தேழு வயது, மரக்கிடங்கு வாசலில் காவல்காரர். மலையிலிருந்து இந்தக் குடியிருப்புக்கு வந்தவர். சபைக்காகப் பாக்குப் போடுவதை விட்டு மூன்று மாதமாகிறது, பல் இன்னும் சிவப்பு.

"வாங்க எல்டர், உக்காருங்க. சக்கரவள்ளிக் கெழங்கு வெந்துட்டிருக்குது" என்றார். அவர் பேசியது பிசின், இங்கே எல்லோருக்கும் பொதுவான மொழி. ஆனால் எழுதும்போது எல்லோரும் கோயமுத்தூர்க்காரர்களாகிவிடுகிறார்கள். என் காதில் அப்படித்தான் விழுகிறது, நான் என்ன செய்ய?

திரும்பும் வழியில் இருவர் கத்தியைக் காட்டி வைபுலுவின் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். அவன் டோங்கா நாட்டுக்காரன், ஆறடி இரண்டங்குலம், பாதம் பதினான்காம் நம்பர். "எடுத்துட்டுப் போங்க, படகு பண்ணிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் ஓடும்போது ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். ஒருவன் முதுகில் பட்டது. நல்ல சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தேன்.

ஆகஸ்ட் 12, சனி

ஞானஸ்நானத்துக்கு முன் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்க வேண்டியது டிஸ்ட்ரிக்ட் லீடரின் வேலை. வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டேன். துணைவன் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் வைபுலு கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவனுக்கு ஒன்றும் கேட்காது.

கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றுதான். கடவுளை நம்புகிறீர்களா, மனம் திரும்பியிருக்கிறீர்களா, குடி, பாக்கு, புகை விட்டாயிற்றா, பெரிய குற்றம் எதுவும் செய்ததுண்டா. அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்து, அது உயிர் போன விஷயமாகவும் இருந்தால், எனக்கு அதற்கு மேல் அதிகாரம் இல்லை. விவரத்தைத் தோண்டாமல் மிஷன் பிரசிடென்டிடம் அனுப்பிவிட வேண்டும்.

அன்னாவும் பிள்ளைகளும் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன்.

கெபா என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன். இரகசியம். அவர் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நிறுத்தினேன்.

"கேட்டுட்டுப் போங்க எல்டர், ஒரு அஞ்சு நிமிசந்தான்."

"விவரம் வேண்டாங்க. அதை பிரசிடென்ட்கிட்டச் சொல்லுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நான் விதியை மீறவில்லை.

மாலை பிரசிடென்டுக்குப் போன் செய்தேன். தீவுகளில் இருக்கிறார், இருபத்தொன்பதாம் தேதிதான் வர முடியும். "குடும்பத்தை ஏன் பிரிக்கணும்? எல்லாரையும் சேர்த்தே தள்ளி வைக்கலாமே" என்றார். அன்னாவும் பிள்ளைகளும் ஆசையாக இருக்கிறார்கள், அவர்களைக் காக்க வைப்பது நியாயமா என்று நான் கேட்டேன். "நீங்கதான் அங்க இருக்கீங்க. நீங்க முடிவு பண்ணுங்க" என்றார்.

முடிவு பண்ணிவிட்டேன். நான்கு பேர்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஆராதனையில் அறிவித்தேன். "வர்ற சனிக்கிழமை சிஸ்டர் அன்னாவுக்கும் மூணு பிள்ளைங்களுக்கும் ஞானஸ்நானம். பிரதர் கெபாவை மிஷன் பிரசிடென்ட் வந்து பார்த்த பிறகு." அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை.

முன்வரிசையில் அட்டையால் விசிறிக்கொண்டிருந்த சிஸ்டர் டெபோராவின் கை நின்றது. கெபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 14, திங்கள்

சந்தையில் கிழங்கும் வாழைக்காயும் வாங்கினோம். பாக்கு விற்கும் பெண்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அரிசி, டின் மீன். மழை.

மதியம் சிஸ்டர் டெபோரா வந்து எங்கள் வேலிக்கு வெளியே நின்றாள். கெபா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். அவள் கணவன் வேன் ஓட்டியவன். நான்கு வருடத்துக்கு முன் நெடுஞ்சாலையில் முகத்தை மூடிய ஐந்து பேர் வேனை மறித்து அவனை வெட்டிப்போட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

"எல்டர், என்னையும் அந்த ரூமுல வெச்சுத்தான கேட்டாங்க. எந்தம்பி லூகாசையும் கேட்டாங்க. சபையில இருக்கற நூத்திப் பன்னண்டு பேரையும் கேட்டாங்க. ஒருத்தரையும் பிரசிடென்டைப் பாக்கோணும்னு சொல்லலீங்."

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம் சிஸ்டர்."

"குடின்னா நீங்களே உடச் சொல்லியிருப்பீங்க. பாக்குன்னா நீங்களே சொல்லியிருப்பீங்க. ரெண்டு பொண்டாட்டின்னா ஊருக்கே தெரியும். பிரசிடென்ட் வரைக்கும் எதுங்க போகும்?"

"நான் சொல்ல முடியாதுங்க."

கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "சரிங்" என்று போய்விட்டாள்.

கேள்விகள் இரகசியமில்லை, பதில்கள்தான் இரகசியம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யோசித்துப் பார்த்தால் சொல்லித் தரவேண்டியதும் இல்லை. எண்ணத் தெரிந்தவன் எவனும் எண்ணிவிடுவான்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கூட்டத்தில் நேர்மை பற்றிப் பேசினேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். போர்டில் 5ஐ அழித்துவிட்டு 4 என்று எழுதினேன்.

எல்லோரும் போனதும் வைபுலு கேட்டான். "எல்டர், மோட்டார் ரிப்பேர்னு சொல்லியிருக்கலாம்ல? ஞானஸ்நானத் தொட்டியில தண்ணி ஏறலை, அஞ்சு பேரையும் தள்ளி வைக்கிறோம்னு. யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"அது பொய்."

"சின்னப் பொய்."

பொய்யில் சின்னது பெரியது இல்லை என்றேன். அவன் பாத்திரம் கழுவப் போய்விட்டான். தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினான்.

ஆகஸ்ட் 16, புதன்

கெபா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தண்ணிக் கொழாய்கிட்ட நான் போனா எல்லாரும் நவுந்துக்கறாங்க எல்டர். வேலைக்கு வர்ற வண்டியில ஏத்த மாட்டேங்கறாங்க. அன்னா என்னைய மலைக்குப் போயிரச் சொல்றா. எங்கண்ணன் வூட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு, பிரசிடென்ட் வர்றப்ப வாரேன். என்ன சொல்றீங்?"

நான் யோசித்தேன். ஓடினால் குற்றம் செய்தவன் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அவர் போனால் அன்னாவும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பின்னாலேயே போய்விடுவாள். குடும்பம் சபையைவிட்டே போய்விடும். இதையெல்லாம் எடை போட்டுத்தான் சொன்னேன்.

"போகாதீங்க. மடியில் கனமில்லைன்னா வழியில் பயமில்லை. சனிக்கிழமை அவங்க தண்ணியில இறங்கும்போது நீங்க கரையில நிக்க வேண்டாமா?"

"நீங்க சொன்னாச் சரிங்" என்றார். போகும்போது கை கொடுத்தார். மரம் தூக்கிக் காய்த்த கை.

மடியில் கனம் இருக்கிறது என்று சொன்ன மனிதரிடம் அந்தப் பழமொழியைச் சொல்லியிருக்கிறேன். எழுதும்போதுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலை பத்து மணிக்குத் தண்ணிக் குழாய்ப் பாதையில் லூகாஸ் எதிரே வந்தான். டெபோராவின் தம்பி. ஞாயிறு தோறும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பம் பிட்டுக் கொடுப்பவன். கையில் நீளக் கத்தி. இங்கே தோட்டத்துக்குப் போகிறவன் எவன் கையிலும் அது இருக்கும், நம் ஊர் வெட்டரிவாளுக்கு அண்ணன். ஆனால் இன்று அதைத் தீட்டியிருந்தான். ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது.

கத்தியைத் தரையில் ஊன்றி, என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினான்.

"எங்க மாமன் தலை ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம் கெடந்துச்சுங்க. நாந்தான் சாக்குல வெச்சுக் கொண்டாந்தேன். நாலு வருசமா யாருன்னு தெரியாம ராத்திரித் தூக்கமில்ல. எனக்கு வெவரம் ஒண்ணும் வேண்டாம். கெபா யாரையும் கொல்லலீன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. இல்லைன்னு சொன்னாப் போதும், ஊட்டுக்குப் போயிர்றேன்."

வைபுலு என் முதுகில் கை வைத்து அழுத்தினான். சொல்லிவிடு என்று அர்த்தம்.

'இல்லை' என்பது பொய். 'ஆமாம்' என்பது துரோகம். "அந்த அறையில பேசினதைப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்து ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

"நன்றிங்க எல்டர்" என்றான் லூகாஸ். கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

உடனே கெபாவைத் தேடி மரக்கிடங்குக்குப் போயிருக்க வேண்டும். ஒன்றரை மணிக்கு ஒரு பாடம் இருந்தது, அதற்குப் போனோம்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

காலை ஏழு மணி. தண்ணிக் குழாய். கெபா குடத்தை வைத்துக் குனிந்திருந்தபோது லூகாசும் வேறு இருவரும் வந்தார்கள். முதல் வெட்டு கழுத்துக்கு வைத்தது, அவர் திரும்பியதால் தோளில் இறங்கியது. தடுத்த வலது கையில் மூன்று விரல் போயிற்று. பிறகு முதுகில், தொடையில். வரிசையில் நின்ற பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அன்னா மட்டும் ஓடிவந்து அவர் மேல் விழுந்தாள். அவளை இழுத்துப் போட்டுவிட்டு வெட்டினார்கள்.

ஆள் வந்து சொல்லி நாங்கள் ஓடினோம். வைபுலு அவரைத் தோளில் தூக்கினான், நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். சபை வேனில் ஏற்றினோம். அன்னா சேற்றில் விரல்களைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு கிடைத்தன. அவள் அதைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள், நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பைமேல்தான் பெயர்ப்பட்டை குத்தியிருந்தது.

ஆகஸ்ட் 19, சனி

தொட்டியை நிரப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கெபாவுக்கு நினைவு வந்தது. வாயில் ஈரத் துணியை வைத்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

"இப்பக் கேக்கறீங்ளா எல்டர்? அஞ்சு நிமிசந்தான்."

கேட்டேன். பதினேழு வயதில், மலையில், இரண்டு ஊர்களுக்கு நடுவே நிலச் சண்டை. எதிர் ஊர்க்காரன் ஒருவனைக் கோடாலியால் வெட்டினார். அவன் செத்துப்போனான். மூன்று வருடம் கழித்துச் சமாதானம் பேசினார்கள். பன்றிகள் அடித்து இரண்டு ஊரும் ஒரே குழியில் சமைத்துச் சாப்பிட்டது. செத்தவனின் தம்பி இன்றும் இவரைப் பார்க்க வந்து போகிறான், அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான். முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. டெபோராவின் கணவன் அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பான்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை முதலிலேயே கேட்டிருந்தால் வியாழக்கிழமை லூகாசிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இரகசியம் என்றுதான் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்குக் கெபா இறந்துவிட்டார்.

வாராந்திர அறிக்கை: பூஜ்யம்.

ஆகஸ்ட் 21, திங்கள்

கெபாவின் ஊர்க்காரர்கள் மலையிலிருந்து இரண்டு லாரியில் வந்தார்கள். லூகாஸ் ஏற்கெனவே ஓடிவிட்டான், எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆள் கிடைக்காத கோபத்தில் ஒன்பது வீடுகளைக் கொளுத்தினார்கள். டெபோராவின் வீடும் போயிற்று. அவள் தலையில் கல் பட்டு நெற்றி பிளந்திருந்தது. சபைக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். கெபா சொன்னதை அவளிடம் சொன்னேன். அவர் செத்த பிறகு என்ன இரகசியம்? அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாலை வீட்டில் நானும் வைபுலுவும். விதியைக் காப்பாற்றியது தப்பா என்று அவனிடம் கேட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"விதியைப் பத்தி நான் பேசலை" என்றான். "பிரசிடென்ட் அஞ்சு பேரையும் தள்ளி வைக்கச் சொன்னாரு. அவர் மலைக்குப் போறேன்னாரு. நீ விடலை. உனக்கு நாலு வேணும்."

அடித்தேன். முஷ்டியால் வாயில். ஒன்று அல்ல, மூன்று. அவன் நினைத்திருந்தால் என்னைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்திருக்கலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மூன்றாவது அடியில் அவன் பல் உடைந்து என் விரல் கணு கிழிந்தது. அப்போதுதான் நிறுத்தினேன்.

அம்மா முன்பு ஒரு தடவை சொன்னது: என்னைப் பெற்ற அந்த ஆளுக்குக் கை ஓங்கும்போது முகம் மாறாதாம், சோறு பிசையும்போது இருப்பது போலவே இருக்குமாம். என் முகம் எப்படி இருந்தது என்று வைபுலுவிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

ஆகஸ்ட் 23, புதன்

கை வீங்கியிருக்கிறது. எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

பிரசிடென்ட் வந்தார். கெபாவைப் பார்க்க வேண்டிய தேதியில் கெபாவின் குழியைப் பார்த்தார். வைபுலுவின் வாயைப் பற்றி அவனிடம் கேட்டார், கீழே விழுந்ததாகச் சொன்னான். நான்தான் அடித்தேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், போர்டைத் தவிர.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வேறு இடத்துக்கு மாற்றுகிறார். அதன் பிறகு வேறொருவர் லீடர். "அதுவரைக்கும் இங்க யாருக்கும் எதுவும் செய்யாம இருங்க. கூட மட்டும் இருங்க" என்றார். அவர் கண் சிவந்திருந்தது.

செப்டம்பர் 7, வியாழன்

அன்னா ஞானஸ்நானம் வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தாள். பழைய நேர்காணல் செல்லாது, மறுபடி கேட்க வேண்டும். பிரசிடென்டே போனில் பேசுகிறேன் என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லையாம், அந்த எல்டர்தான் கேட்க வேண்டும் என்றாளாம். பிரசிடென்ட் அரை மனதாகச் சம்மதித்தார்.

அதே அறை. கண்ணாடிக்கு வெளியே வைபுலு. அன்னா தலையை மழித்து, துக்கத்துக்காக முகத்தில் வெள்ளை மண் பூசியிருந்தாள். ஒரு துணிப்பையை மடியில் வைத்திருந்தாள். முதல் கேள்விகளுக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள்.

"பெரிய குற்றம் எதுவும் செஞ்சதுண்டுங்களா?"

"இன்னும் இல்லீங்."

விதிப்படி அது 'இல்லை'தான். அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தேன்.

"விவரம் சொல்லுங்க" என்றேன்.

"லூகாசு மேல கோவமில்லீங். மாமனைக் கொன்னவன்னு நெனச்சு வெட்டுனான். எங்கூர்லயும் அதத்தான் செய்வாங்க. அவனை எனக்குப் புரியுது. உங்களத்தான் புரியலீங். போறேன்னு மூட்டை கட்டிட்டாரு. நீங்க இருங்கன்னீங்க. அவுத்துப்போட்டாரு. எதுக்குங்க இருக்கச் சொன்னீங்க?"

"உங்க ஞானஸ்நானத்தப்ப அவர் பக்கத்துல இருக்கணும்னு..."

"பொய்யி."

மண் காய்ந்து அவள் கன்னத்தில் வெடித்திருந்தது. வெளியே வைபுலு எழுந்து நின்றுவிட்டான்.

"நாலு பேர் வேணும்னு இருந்துச்சுங்க" என்றேன். "ரெண்டு மாசமா எங்க பகுதியில ஒருத்தரும் இல்லை. போர்டுல அஞ்சுன்னு எழுதியிருந்தேன். ஒண்ணு போனாலும் மிச்சம் நாலு கெடைக்கட்டும்னு பார்த்தேன். அவர் போனா நீங்களும் போயிருவீங்க."

"நானும் எங்கொழந்தைகளும்."

"ஆமாங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மிச்சக் கேள்வியக் கேளுங்" என்றாள்.

கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில். கட்டளைகளைக் கைக்கொள்வேன் என்றாள். வாழ்நாள் முழுக்க என்றாள். தாளில் கையெழுத்துப் போட்டேன். எந்த விதியைக் காட்டி மறுப்பேன்?

எழுந்தவள் கதவருகே நின்றாள்.

"என்னைத் தண்ணியில எறக்கறது யாருங்க?"

"உங்களுக்கு யார் வேணுமோ அவங்க."

"நீங்கதான் எறக்கோணும். கொழந்தைக வராது. நா மட்டுந்தான். நீங்களும் நானும்."

"சரிங்க" என்றேன்.

செப்டம்பர் 9, சனி

காலையிலேயே தொட்டியை நிரப்பினோம். நெஞ்சளவு தண்ணீர். அதில் இருவர் மட்டும்தான் இறங்க வேண்டும். என் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கும், அவள் இன்னொரு கை என் கையைப் பிடித்திருக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் அவளை முழுதாக அமிழ்த்தித் தூக்க வேண்டும்.

வைபுலு எனக்குப் பதிலாகத் தான் இறங்குவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அவளுடைய பையையாவது ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றான். அதுவும் வேண்டாம் என்றேன். "பைத்தியமாடா உனக்கு?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அன்றைக்கு நான் அவ்வளவு அடித்தும் அவன் இப்படிப் பிடித்ததில்லை.

சபையில் இருபது பேர்தான் வந்திருக்கிறார்கள். டெபோராவும் வந்து, நெற்றிக் கட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அன்னா வெள்ளை உடையையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு மாற்றும் அறைக்குள் போய்ப் பத்து நிமிடமாகிறது. நான் உடை மாற்றிவிட்டேன். படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பயமாக இருக்கிறது. கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. இறங்குகிறேன்.